பொம்மையின் இடுப்புச் சுற்று

எங்கள் செம்பனைத் தோட்டத்திலும் பக்கத்து இரண்டு தோட்டங்களிலும் உள்ள பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள் நான். அளவு கொடுக்கும்போது யார் வயிற்றை எக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாமியாரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பேன். மூச்சு தானாக வெளியே வந்துவிடும், உண்மையான அளவும் கூடவே வந்துவிடும். அப்படிப்பட்ட என்னையே எட்டு வயது மகள் மூன்று வாரம் ஏமாற்றினாள்.

இரண்டாவது பெண் பிறந்தபோது, மூத்தவள் ஏங்கிப்போகக் கூடாதென்று ரஹாங் டவுனிலிருக்கும் என் நாத்தனார் ஒரு பொம்மை வாங்கி வந்தார். வைக்கோல் நிறக் கூந்தல், நீளக் கால், இரண்டு விரலுக்குள் அடங்கும் இடுப்பு. மகள் அதைக் கீழே வைக்கவே இல்லை. அதற்கு ஒரே ஒரு குறை, நிற்காது. குதிகால் எப்போதும் தூக்கியே இருப்பதால் எங்கே நிறுத்தினாலும் குப்புற விழும். அதனால் என் தையல் மெஷினில் சாய்த்துவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு, பத்தியச் சோறு தின்றுகொண்டு, நான் அந்த இடுப்பைப் பார்த்தபடி கிடந்தேன்.

காலையில் உடம்பு பிடித்துவிட ஒரு மலாய்க்கார அம்மா வருவார். மக்சிக் என்று கூப்பிடுவோம். பிடித்து முடித்ததும் எனக்குப் பெங்குங் கட்டுவார். பிள்ளை பெற்றவளின் வயிற்றைச் சுற்றி இறுக்கும் நீளத் துணி அது, முன்பக்கம் வரிசையாக முடிச்சு விழும். மகள் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பாள். நாற்பது நாள் முடிந்ததும் துணியைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் மகள் சோற்றைத் தட்டில் ஒதுக்க ஆரம்பித்தாள். மீன் பொரித்தாலும் இரண்டு வாய்தான். “வயிறு நெறஞ்சிருச்சும்மா” என்பாள். ஒரு நாள் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, “இதுக்கு மட்டும் எப்படிம்மா வயிறே இல்ல?” என்று கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உடனே நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, நீங்க வாங்கிக் குடுத்த பொம்மையப் பாத்து என் பிள்ள பட்டினி கெடக்குறா.”

“பொம்மையா சோறு திங்காதன்னு சொல்லுச்சு? பிள்ளையக் கேளு லா” என்றார் அவர், எங்கள் ஊர் ‘லா’வை இழுத்து. பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

தோட்டத்துக் கோயில் திருவிழா நெருங்கியது. மகளுக்குப் பாவாடை சட்டை தைக்க அளவெடுத்தேன். இடுப்பில் டேப்பைச் சுற்றினால் உள்ளே பலகை மாதிரி இருந்தது. சட்டையைத் தூக்கினேன். அலமாரியில் நான் மடித்துவைத்த பெங்குங். மக்சிக்கிடம் நான் கேட்டும் கற்றுக்கொள்ள முடியாத முடிச்சுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரு பிசகும் இல்லாமல். அவிழ்த்தபோது தோலில் சிவப்புச் சிவப்பாகத் தடம்.

“அந்தப் பொம்ம மாதிரி ஆவணும்னா இதக் கட்டுன?” என்று கத்தினேன். “இப்பவே அதத் தூக்கி டோங்ல போடுறேன் பாரு.” டோங் என்றால் எங்கள் வீட்டில் குப்பைத் தொட்டி.

அவள் அழவில்லை. “நீதானம்மா மக்சிக்கிட்ட சொன்ன. இன்னும் இறுக்குங்க, இந்த வயிறப் பாத்தாலே அசிங்கமா இருக்குன்னு. தெனமும் சொன்ன. எனக்கும் வயிறு இருக்குல்ல.”

சொன்னது உண்மைதான். அதே பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். பொம்மையைப் படுக்கவைத்து, “வா, இந்த அக்காவுக்கு ரவிக்க அளவு எடுப்போம்” என்றேன். என் உயரத்துக்கு அந்த மாதிரி ஐந்து பொம்மை அடுக்க வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கச் சொன்னேன். ஐந்தாம் வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. இடுப்பு மூன்றரை அங்குலம், பெருக்கினால் பதினேழரை. மகளின் இடுப்பு இருபத்திரண்டு. பாதத்தைப் பெருக்கியும் நாலரை அங்குலம்தான் வந்தது. தன் பாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அம்மா ஒயரத்துக்கு வளந்தாலும் பாப்பா காலா?”

“அதான் அவ நிக்கவே மாட்டேங்குறா.”

“ஒரு வாய் சோறு தின்னா எங்கம்மா போவும்?”

“கழுத்துலயே நின்னுரும்.”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் தரையில் உருண்டோம். சின்னவள் விழித்துக்கொண்டு அலறினாள்.

பிறகு மகள் டேப்பை என் இடுப்பில் சுற்றினாள். பழக்கதோஷம், எக்கினேன். “ஒங்க மாமியார் எப்படி இருக்காங்க?” என்று என் குரலிலேயே கேட்டாள். அடக்கிய மூச்சு வெளியே வந்துவிட்டது. முப்பத்தெட்டு.

அளவு நோட்டில் என் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அதில் முப்பத்திநாலு என்றிருந்தது. கல்யாணமான வருடம் எழுதியது. அதை வைத்துத்தான் எனக்கு நானே தைத்துக்கொள்வேன். கொக்கி மாட்டும்போதெல்லாம் வயிற்றைத் திட்டுவேன்.

“தப்பா எழுதியிருக்கம்மா.”

அடித்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினேன். அதன் கீழே அவள் தன் கையெழுத்தில் இருபத்திரண்டு என்று எழுதினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப ஒனக்கு நெறைய துணி வேணுமாம்மா?”

“வேணும்.”

சுவரோரம் ஆள் உயரத்துக்குத் துணி அடுக்கியிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தாள்.

“நம்மகிட்டதான் நெறைய இருக்கே” என்று சொல்லிவிட்டு, சோற்றுத் தட்டு எடுக்க எழுந்து போனாள்.