சுவரக்கா

“மூச்சை விடுங்க. புடிச்சு வெச்சு எங்கே கொண்டு போகப் போறீங்க?”

கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். அவருடைய கணுக்காலுக்குச் சற்று மேலே அவளது உள்ளங்கை இருந்தது. அவர் காலை முன்னால் தள்ள வேண்டும். அவள் தள்ள விடக் கூடாது. காலும் நகராது, கையும் நகராது. பத்து எண்ணும்வரை இரண்டு பேரும் சண்டைக்காரர்கள்.

“ஏழு, எட்டு, பத்து.”

“ஒன்பது எங்கே போச்சு? லாரியிலே ஏத்தி அனுப்பிட்டீங்களா?”

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓட்டுநரும் சிரித்தார். சிரித்தால் மூச்சு வெளியே வந்துவிடும். அவளுக்கு வேண்டியது அதுதான். மூச்சை அடக்கி அழுத்திய ஒருவர் அந்தக் கட்டிலிலேயே மயங்கிச் சாய்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து யாரையும் மனதுக்குள் எண்ண விடுவதில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் அவள் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளி யோசிப்பார். சுவரக்கா என்றால் எழுந்து வந்து வழி காட்டுவார். மூட்டுகளை அசைக்கக் கூடாதவர்களுக்கு முதல் பாடம் அசையாமல் அழுத்துவது. வீட்டில் அவர்கள் சுவரை அழுத்தலாம், சுருட்டிய துண்டை அழுத்தலாம். எவன் நிஜமாக அழுத்துகிறான், எவன் சும்மா முகத்தைச் சுளிக்கிறான் என்று சுவருக்குத் தெரியாது. அவள் கைக்குத் தெரியும். “மூஞ்சியாலே அழுத்தாதே, தொடையாலே அழுத்து” என்பாள். ஓய்வுபெற்ற நீதிபதிக்கும் அதே வசனம்தான், மரியாதை விகுதி மட்டும் கூடும்.

குட்டையான உடம்பு, அகன்ற தோள். பேருந்துக்கு நிற்கும்போதுகூடக் கம்பத்தில் உள்ளங்கையை ஊன்றி எதையோ அளப்பதுபோல் நிற்பாள். அச்சகத்தில் புத்தகம் தைக்கிற கணவர் அவளிடம் வாதாடுவதை எப்போதோ விட்டுவிட்டார். “ஊரே சேர்ந்து தள்ளி நகராதவ, நான் சொல்லியா நகரப் போறே?”

எட்டு மாதமாக இடது கைக் கட்டைவிரலின் அடியில் வலி. தொழில் கொடுத்த கூலியில் அதுவும் சேர்த்தி என்று விட்டுவிட்டாள். குடத்தை வலது பக்கத்துக்கு மாற்றினாள். படுக்கும்போது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டாள், காலையில் கிளம்பும்முன் அவிழ்த்துவிட்டாள். கட்டிக்கொண்டே போயேன் என்று கணவர் சொன்னதற்கு, “சுவருக்கே கட்டுன்னா எவன் வந்து முட்டுவான்?” என்றாள்.

துறைமுக விளையாட்டுச் சங்கத்தில் நீளம் தாண்டுகிற பெண் ஒருத்தி, வலது முழங்காலில் அறுவை முடிந்து ஐந்து மாதம் அவளிடம் வந்தாள். இருபது வயது. சங்கத்தின் அணியில் இருந்தால் துறைமுகத்தில் வேலை நிச்சயம். அதற்காகவே தாண்டுகிறாள் என்று அவள் அம்மா ஒளிக்காமல் சொல்வாள். கடைசிச் சோதனை அன்று சுவரக்கா எதிரே முக்காலியில் உட்கார்ந்து, பெண்ணின் இடது காலுக்குத் தன் வலது கையையும் வலது காலுக்குத் தன் இடது கையையும் கொடுத்தாள். அறுவை செய்த கால் அவள் கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

“அடேயப்பா! என்னையே தள்ளிட்டியேடி!”

அறையே கை தட்டியது. ‘இரண்டு காலும் சம பலம்’ என்று சிகிச்சை அட்டையில் எழுதினாள். டாக்டர் அதைப் பார்த்து, இனித் தாண்டலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது தாண்டலில் அதே முழங்கால் மடங்கிவிட்டது. டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“வீட்லே பயிற்சி பண்ணச் சொன்னேனே, பண்ணியா?”

“பண்ணேன் சார். தெனமும்.”

“பண்ணியிருந்தா இப்படி ஆகாது. ஏம்மா, அட்டையிலே எழுது. வீட்டுப் பயிற்சி செய்யலைன்னு.”

சங்கத்தின் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றிருந்தார். சிகிச்சையில் அலட்சியம் காட்டுகிறவர்களைச் சங்கம் நீக்கிவிடும். அறையில் எல்லாருக்கும் தெரிந்த விதி. சுவரக்கா எழுதினாள். எழுதும்போதே ஒன்று உறுத்தியது. தன்னையே தள்ளிய கால் எப்படிப் பலமில்லாத காலாகும்?

ஐந்து மணிக்கு அறை காலியானது. எடை பார்க்கும் கருவியைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் சுவரோடு சாய்த்து வைத்தாள். வலது உள்ளங்கையால் அழுத்திப் பத்து எண்ணினாள். முள் இருபத்திரண்டில் நின்றது. இடது கையால் அழுத்தினாள். ஒன்பது. தோளைக் கொடுத்து இன்னொரு முறை அழுத்தினாள். ஒன்பதைத் தாண்டவில்லை. கட்டைவிரல் தன்னுடையது அல்லாததுபோல் மரத்துக் கிடந்தது.

இரண்டு காலையும் ஒரே கையால்தான் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்தது அது. கையை மாற்றாமல் முக்காலியை நகர்த்திப் போட வேண்டும். கூட்டம் கூடிய பிறகு முக்காலியை இழுத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? அவளுக்கும் இல்லை. இத்தனை வருடமும் இரண்டு கைக்கும் ஒரே பலம் இருந்ததால் ஒரு கெடுதலும் நடக்கவில்லை.

சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன். அந்தப் பொண்ணு மேலே தப்பில்லை.”

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். “சொல்லு. வேண்டாங்கலை. கை போச்சுன்னு தெரிஞ்ச பிறகு உன்னை எதுக்கு வெச்சிருப்பாங்க, அதையும் யோசிச்சுக்கோ.”

“நீ என்னதான் சொல்றே?”

“புத்தகம் தைக்கிறவன்கிட்ட கேக்குறே. எனக்கென்ன தெரியும்?”

மறுநாள் எட்டரைக்கு வந்தாள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டுநர் ஒன்பதை விடாமல் எண்ணினார். பதினொரு மணிக்கு அந்தப் பெண் ஊன்றுகோலுடன் வந்தாள், கூடவே அம்மா. வீக்கம் வடியும்வரை முதல் வாரப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். சுவரக்கா துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தாள்.

“அக்கா, நான் ஒருநாள்கூட விடலை. அம்மாவைக் கேளுங்க.”

“ஜுரத்துலேகூடப் பண்ணினாம்மா,” என்றாள் தாய்.

“தெரியும்.”

“தெரியும்னா டாக்டர்கிட்ட நீங்க சொல்லுங்கக்கா. நாளைக்குச் சங்கத்துலே அட்டையைக் கேக்குறாங்க.”

“சொல்றேன். நீ அழுத்து. எண்ணு.”

அந்தப் பெண் சத்தமாகப் பத்துவரை எண்ணினாள்.

பன்னிரண்டேகாலுக்கு டாக்டர் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே வேறு யாரும் இல்லை.

“என்னம்மா?”

அவள் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“கட்டுத்துணி தீர்ந்துடுச்சு சார்.”

சீட்டில் எழுதிக் கொடுத்தார். கிடங்குக்குப் போய் ஆறு சுருள் வாங்கி வந்தாள். அலமாரியைத் திறந்தாள். இரண்டு தட்டு நிறையச் சுருள்கள் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் இந்த ஆறையும் திணித்தாள். கதவு மூடவில்லை. இடது உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மூடவில்லை. சற்று நேரம் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை மாற்றினாள்.