இப்போதைக்கு

குழாயைத் திருகி மூடியதும் அதன் வாய்க்குக் கீழே ஒரு விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சொட்டு விழவில்லை. இன்னும் நிற்கிறார். பிறகு விரலைச் சட்டையில் துடைத்தபடி, "இப்போதைக்கு நிக்கும் சார்" என்கிறார். ஈரமே படாத விரலை எதற்குத் துடைக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வாடகைக் குடியிருப்பில் எது பழுதானாலும் அவர்தான் வருவார். பெயரெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை, எல்லோருக்கும் அவர் 'இப்போதைக்கு'தான். குழாய், ஸ்விட்ச், ஜன்னல் கொக்கி எதைச் சரிசெய்தாலும் அந்தச் சொல்லை ஒட்டாமல் விடமாட்டார். கீழ்வீட்டு அக்காவின் கதவுக்கு அவர் போட்ட கீல் பல வருடமாக 'இப்போதைக்கு' ஆடாமல் இருக்கிறது. "நல்லா இருக்கும்னு வாய் நெறைய சொன்னா என்னப்பா, கொறஞ்சா போயிடுவே?" என்று அக்கா பிடித்துக்கொண்டால், "நான் சொல்லிடுவேன்க்கா. கீலு கேக்கணுமே" என்பார்.

அவருக்குப் பரம எதிரி ஆணி. குடிவருபவர்கள் காலண்டருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என்று அடித்துத் தள்ளிவிட்டுக் காலி செய்துகொண்டு போவார்கள். ஓட்டையை அடைத்துப் பூசுவது இவர் தலையில் விழும். "போறவங்களுக்கு எதுக்கு சார் ஆணி?" என்று பொருமிக்கொண்டே பூசுவார். அவரும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். அங்கே ஓர் ஆணிகூடக் கிடையாதாம், சட்டை கதவுப் பிடியில் தொங்குமாம். சாமான் பையைத் தோளிலிருந்து இறக்கியும் நான் பார்த்ததில்லை. பையோடு குனிவார், பையோடு ஏணி ஏறுவார், டீ கொடுத்தால் பையோடு நின்றே குடிப்பார்.

கூலியும் அப்படித்தான். வேலை முடிந்ததும் கையில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். முன்பு ஓரிடத்தில் 'நிரந்தரம்' என்று சொல்லி மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்களாம். கொஞ்ச நாளில், "இப்போதைக்கு ஆள் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தச் சொல்.

போன வாரம் வீட்டுக்காரம்மா அவரை மோட்டார் அறையில் மடக்கினார். மாடியில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல நானும் அங்கே போயிருந்தேன்.

"ஏம்பா, எல்லா வீட்டையும் ஒரு கம்பெனி பொறுப்புல விட்டுடலாம்னு என் பையன் ஒத்தக் கால்ல நிக்கிறான். எனக்கு மனசில்ல. மாசச் சம்பளத்துக்கு நீ வர்றதா இருந்தா இப்பவே சொல்லு. இல்லன்னா கம்பெனிக்குச் சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் உனக்கு இங்க வேலை இருக்காது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார்.

"நான்தானேப்பா வீட்டுக்காரம்மா!"

"எங்க வீட்டுக்காரம்மாம்மா."

"அவகிட்ட நேத்தே பேசிட்டேன். 'சரின்னு சொல்ல வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்'ங்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கம்பெனி நினைப்பும் வந்தது. கம்பெனிக்காரன் வந்து குழாயை மூடுவான், போவான். விரலை நீட்டிக்கொண்டு நிற்க அவனுக்கு என்ன தலையெழுத்து? எனக்கு இவர்தான் வேண்டும். ஆனால் குடியிருப்பவன் குறுக்கே பேச முடியுமா?

அவர் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் மேலே ஏறும் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்டார். பிறகு, "இப்போதைக்கு வர்றேம்மா" என்றார்.

"இது போதும்டா சாமி" என்று வீட்டுக்காரம்மா பையனுக்குப் போன் போட்டுக்கொண்டே போனார்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பைக்குள் கையை விட்டுச் சுத்தியலை எடுத்தார். இன்னும் துழாவி ஓர் ஆணியையும் எடுத்தார். மோட்டார் அறைச் சுவரில் அதை அடித்து, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, பையைத் தோளிலிருந்து இறக்கி மாட்டினார்.