இணைந்துள்ள சாதனங்கள்: இரண்டு

பனமலை ஏரிக்கரை வயல்களை முடித்துவிட்டுச் செஞ்சிக்கு வந்தோம். அவலூர்பேட்டைப் புரோக்கர் வந்து அடுத்த வயலுக்கு வழி காட்ட வேண்டும். அதுவரை லாரியைத் திருவண்ணாமலை ரோட்டோரம், கமிட்டிக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை இங்கே எல்லோரும் கமிட்டி என்றுதான் சொல்கிறார்கள். அறுவடைக் காலம் என்பதால் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் உள்ளே போக இடமில்லாமல் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றன. லாரியின் மேல் எங்கள் கதிரறுக்கும் மெஷின். அதன் நிழலில், லாரிப் பலகைமேல் நான், மடியில் டேப்.

வருடத்தில் பாதி எங்களுக்கு இப்படித்தான் போகும். ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். எங்கே நெல் முற்றுகிறதோ அங்கே மெஷினோடு போவோம். லாரிக்கு அடியில் சமையல், லாரிக்கு மேலே தூக்கம். எந்த வயல், யாருடையது, எத்தனை மணிக்கு இறங்கினோம், எப்போது ஏறினோம் என்று அன்றன்றே எழுதி வைத்துவிடுவேன். கண் மங்க ஆரம்பித்த பிறகு புரோக்கர் அனுப்பும் மேப்பைப் போனில் பார்க்க முடியவில்லை. அதற்காக வாங்கியது பெரிய திரையுள்ள இந்த டேப். அதில் சிம் கிடையாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் டேப்புக்கு நெட் வரும். வேலை முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுவேன்.

அன்றும் ஹாட்ஸ்பாட் போட்டேன். மேப் வர நேரம் எடுத்தது. டேப் சேர்ந்ததா என்று பார்க்கப் போனை எடுத்தேன். இணைந்துள்ள சாதனங்கள்: இரண்டு என்று இருந்தது.

கேபினில் படுத்திருந்த ஆபரேட்டரைக் கேட்டேன்.

"என் நெட்டைப் போட்டிருக்கியாப்பா?"

"என் போன் ரெண்டு நாளா செத்துக் கிடக்குதுண்ணா. சார்ஜர் வாங்கித் தாங்கன்னா, நாளைக்கு நாளைக்குங்கறீங்க."

இரண்டு என்ற எண்ணைத் தொட்டேன். கீழே பெயர்கள் வந்தன. முதலில் டேப். அதற்கு அடுத்து, சின்னவன்.

டேப் மடியிலிருந்து நழுவியது எனக்குத் தெரியவில்லை. அது லாரிப் பலகையில் விழுந்த சத்தத்துக்கு ஆபரேட்டர்தான் எழுந்து உட்கார்ந்தான்.

சின்னவன் என்பது என் தம்பி தன் போனுக்கு வைத்த பெயர். என் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெரியவன் என்று பெயர் வைத்ததும் அவன்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து மெஷின் ஓட்டிய காலத்தில் அவனுக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் நெட் காலைச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் காட்டுக்குள் குச்சியால் மண்ணைத் தோண்டி வீடு கட்டுவார்கள், குளம் வெட்டுவார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அந்த வீடியோக்களை வாயைத் திறந்தபடி பார்ப்பான். அப்புறம், "அண்ணா, கொஞ்சம் நெட்டு போடேன்" என்று என் பக்கத்தில் வந்து உட்காருவான். "குழி தோண்டறதைப் பார்க்கவா? ஊர்ல கிணறு தூர் வாரும்போது கூப்பிட்டேன், வந்தியா?" என்று கேட்டுக்கொண்டேதான் போடுவேன்.

ஒரு அறுவடையின்போது மெஷினுக்குள் வைக்கோல் அடைத்துக்கொண்டது. எங்களோடு இருந்த உதவியாள், செஞ்சிக்குப் பக்கத்தில் அனந்தபுரத்துக்காரர், உள்ளே கையை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். தம்பி மெஷினை ஓட விட்டுவிட்டான். ஓட விடச் சொல்லிக் குரல் கேட்டது என்றான் தம்பி. நான் குரலே கொடுக்கவில்லை என்றார் அவர். இரண்டு விரல்கள் போயின. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், தம்பி மெஷின் சாவியைச் சீட்டின்மேல் வைத்துவிட்டு எங்கோ போய்விட்டான். அவன் நம்பர் அன்றோடு அணைந்துபோனது. தேடாத இடமில்லை. போலீசிலும் சொன்னோம். ஒரு வருடம் போய் அடுத்ததும் பாதி போயிருந்தது. ஊரில் சிலர் அவனைப் பற்றி இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த முறை நான் கிளம்பும்போது அவன் மனைவி லாரி வரைக்கும் வந்தாள். ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிக்கு அவள் வேலைக்குப் போகும் வழி. கையில் சாப்பாட்டுக் கூடை இருந்தது.

"மாமா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். இருக்காருன்னா இருக்காருன்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும். பொட்டு வெக்கறப்ப எல்லாம் கை நடுங்குது."

இப்போது அந்தப் போன் என் போனோடு தானாகவே பேசிக்கொண்டிருந்தது. நான் எதையும் சுலபத்தில் மாற்றுகிறவன் இல்லை. புதுப் போன் வாங்கியபோதும் டேப் குழம்பக் கூடாது என்று அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்தேன். பாஸ்வேர்டு எங்கள் பழைய டிராக்டரின் நம்பர். அது டேப்புக்கும் தம்பியின் போனுக்கும் மட்டும்தான் தெரியும். சிம்மை மாற்றினாலும் போன் பழைய ஹாட்ஸ்பாட்டை மறப்பதில்லை.

அந்த நேரம் ஒரு திருவண்ணாமலை பஸ் லாரிக்குப் பக்கத்தில் நின்று ஆளை இறக்கிக்கொண்டிருந்தது. குதித்து இறங்கி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். ஒரு அம்மா, "இன்னாங்க, யாரைத் தேடுறீங்க?" என்றார். பஸ் கிளம்பிவிட்டது. அதன் பின்னால் சில அடி ஓடினேன். பிறகு போனைப் பார்த்தேன். சின்னவன் அப்படியே இருந்தான். பஸ்ஸில் இல்லை, இங்கேதான்.

பெயர் சொல்லிக் கத்தலாம் என்று தோன்றியது. கத்தினால் ஓடிவிடுவானோ என்றும் தோன்றியது. போன் தானாகச் சேர்ந்ததை அவன் இன்னும் கவனிக்காமல் இருக்கலாம். கவனித்துவிட்டால் ஒரு விரலால் அணைத்துவிட்டுப் போய்விடுவான். அதைவிட மோசமான எண்ணம் அடுத்து வந்தது. போன் இருக்கிறது என்பதற்காக ஆள் இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? விற்றிருக்கலாம். எங்காவது விழுந்து கிடந்தவனிடமிருந்து யாராவது எடுத்திருக்கலாம். கால் நடந்தது, நான்தான் நடக்கிறேன் என்ற நினைப்பு இல்லை.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. திரும்பி வந்து டேப்பை அணைத்தேன். இப்போது ஒன்று என்று காட்டினால் அது அவன் போன் மட்டும்தான். போனைக் கையில் ஏந்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மெதுவாக நடந்தேன். பெட்டிக் கடை தாண்டி ஒரு கரண்ட் கம்பம் வரை ஒன்று. கம்பத்தைத் தாண்டிச் சிறிது நின்றதும் எதுவும் இல்லை என்று வந்தது. திரும்பினேன். கம்பத்துக்கு இந்தப் பக்கம் வந்து காத்திருந்தேன். மறுபடியும் ஒன்று. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன், போய்விட்டது. அப்படியென்றால் அவன் கமிட்டிப் பக்கம்தான், மூட்டை வண்டி வரிசைக்குள்தான்.

"யோவ், வண்டிக்கு நடுவுல நின்னு போனு பாக்குறியே, ஊட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று ஒரு டிராக்டர்காரர் கத்தினார்.

வரிசையை ஒட்டி நடந்தேன். டிராக்டர்கள், மினி லாரிகள், குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டிகள். ஒவ்வொரு டிரைவர் சீட்டாகப் பார்த்தேன். கேட்டுக்கு அருகில் நின்ற குட்டியானையின் டிரைவர் சீட் காலியாக இருந்தது. முன்பக்கப் பலகையில் ஒரு போன், சார்ஜ் வயரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில், சட்டை போடாத ஒருவன் காட்டுக்குள் குச்சியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

பக்கத்துச் சீட்டில் இருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக் கதவைப் பிடித்திருந்த அவர் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

அனந்தபுரத்துக்காரர். இவருக்கு நான் எத்தனையோ முறை போன் செய்திருக்கிறேன். தம்பி வந்தானா, தகவல் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், வரலியேண்ணே, வந்தா சொல்றேண்ணே என்பார். நான் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"வாங்க பெரியண்ணே."

"இது யார் போன்?"

"இன்னாண்ணே இப்படிக் கேக்குறீங்க. சின்னண்ணன் போனுதான்."

"அவன் இருக்கானா?"

"இருக்காரு. இருக்காருண்ணே. கதவைப் புடிச்சிக்குங்க, உழுந்துடப் போறீங்க."

பிடித்துக்கொண்டேன். அவர் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். தையல் பிரித்த மறுநாள் காலையில் தம்பி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். போ என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். போகவில்லை. அவருக்குக் கியர் போட முடியாது. மூட்டை தூக்க முடியாது. அவர் சொந்தமாக வைத்திருந்த இந்த வண்டியைத் தம்பிதான் ஓட்டுகிறான். அவர்கள் வீட்டுக் கொட்டகையில்தான் படுக்கை.

"எங்கிட்ட இல்லேன்னு சொன்னீரே," என்றேன்.

"நீங்க போன் பண்றப்ப எல்லாம் அவரு எதிர்லயே உக்காந்துனு, சொன்னீனா கிளம்பிடுவேன்னு கை காட்டுவாரு. நான் இன்னா பண்றது? உங்களுக்குச் சொன்னா அவரு எங்க போயிட்டாருன்னு எனக்கும் தெரியாம போயிடும். இங்கியாவது இருக்கட்டும்னு உட்டுட்டேன். என் பொண்டாட்டி தினம் என்னைத் திட்டுறா, உனக்கு நல்ல சாவு வராதுன்னு."

"இப்ப எங்க அவன்?"

"வண்டியில உக்காந்து போனை நோண்டினிருந்தாரு. திடீர்னு வீடியோ ஓடுது. காலையிலயே நெட்டு தீந்துடுச்சேன்னு பாத்தாரு. அப்படியே மூஞ்சி வெளுத்துப் போச்சு. இறங்கிப் போயிட்டாரு."

"எந்தப் பக்கம்?"

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன்.

தம்பி இரண்டு வண்டிகளுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். மீசையை எடுத்திருந்தான். அட்டை மூடியை இரண்டு கையாலும் தட்டு மாதிரி பிடித்திருந்தான். அதன்மேல் பேப்பர் கப்புகளில் டீ. சிந்தக்கூடாது என்று கீழேயே பார்த்து நடந்தான். டீ மூன்று இருந்தது.

என் முன்னால் வந்து நின்றான். நான் அவனை அடிப்பேன் என்றுதான் ரோட்டில் நடக்கும்போதெல்லாம் நினைத்திருந்தேன். கை எழவில்லை. அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. டீ சிந்தியது.

"உன்னோடதுல சக்கரை போட வேண்டாம்னு சொன்னேன்," என்றான்.

"நான்னு தெரியுமா?"

"பெரியவன்னு வந்துச்சு. ஆஃப் பண்ணலாம்னுதான் கை போச்சு." டீயை நீட்டினான்.

குடித்தோம். அனந்தபுரத்துக்காரர்தான், "உங்க நெட்டு நல்லா ஸ்பீடா இருக்குதுண்ணே, எந்தக் கம்பெனி?" என்றார். தம்பி சிரிக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வா, போகலாம்," என்றேன்.

"மூட்டை இறக்கணும்ணா. இன்னிக்கு விட்டா நாளைக்குத்தான் எடை." அவன் சொன்னது உண்மைதான். அது மட்டும் காரணமில்லை என்பதும் இருவருக்கும் தெரிந்தது. நான் அதற்குமேல் இழுக்கவில்லை. அவன் மனைவி லாரியருகே நின்று சொன்னதை மட்டும் சொன்னேன். பொட்டு வைக்கும்போது கை நடுங்குவதையும் சொன்னேன். தம்பி காலிக் கப்பை நசுக்கி, பிரித்து, மறுபடியும் நசுக்கினான். பிறகு கேட்டான்.

"அண்ணா, கொஞ்சம் நெட்டு போட்டு வைக்கிறியா?"

"போட்டுத்தான் இருக்கு."

அவன் பின்பக்கம் ஏறி நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். வீடியோ கால் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. தெரியாத நம்பரை அவள் எடுப்பதில்லை. மறுபடியும் போட்டான்; அந்தப் பக்கம் வெட்டிவிட்டாள். அவன் போனைக் கீழே வைக்கப் போனான். இரு என்றேன். என் போனிலிருந்து அவளுக்கு எழுதினேன். இப்போது வரும் போனை எடு. இருக்கிறான். அவ்வளவுதான் எழுத முடிந்தது.

மூன்றாவது முறை முதல் மணியிலேயே எடுத்தாள். சேகோ பேக்டரி மெஷின் ஓடும் சத்தம் மட்டும் அவன் போனிலிருந்து கேட்டது.

நான் அங்கே நிற்கக்கூடாது என்று விலகி நடந்தேன். தூரமாய்ப் போய்விடத்தான் கால் இழுத்தது. ஆனால் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது என் பாக்கெட்டில் இருந்த நெட்டில். எவ்வளவு தூரம் போகலாம் என்பது சற்று முன்தான் எனக்குத் தெரிந்திருந்தது. கரண்ட் கம்பம் வரை நடந்தேன். கம்பத்தைத் தாண்டாமல், அதில் முதுகை வைத்து, மலைப்பக்கம் பார்த்து நின்றேன்.

அவலூர்பேட்டைப் புரோக்கர் போன் செய்தார். எடுத்தால் நெட் நின்றுவிடும். வெட்டினேன். மறுபடியும் செய்தார். மறுபடியும் வெட்டினேன். லாரியிலிருந்து ஆபரேட்டர், "அண்ணா, புரோக்கர் வந்துட்டாரு, கிளம்பலாமா?" என்று கத்தினான். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். கம்பத்தை விட்டு நகரவில்லை. சார்ஜ் குறைந்துகொண்டிருந்தது. திரையில் ஒன்று என்றே இருந்தது.