ஒன்பது ஐம்பதுக்குப் படகு நின்ற இடம்

என் டைரிகளில் நேரம் தவறியதில்லை. மழை தொடங்கிய நிமிடம், பேருந்து வந்த நிமிடம், வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிய நிமிடம்கூட எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு குறை இருந்தது. அந்தப் பக்கம் இது:

"வியாழன். 9.40 லுமுட் துறையிலிருந்து புறப்பாடு. 9.50 படகு நின்றது. 9.55 கரைத்தாயிற்று. 10.07 துறை."

எழுபதுகளின் கடைசியில் எழுதியது. லுமுட், மலேசியாவின் மேற்குக் கரையிலுள்ள படகுத்துறை. கரைத்தது என் மச்சானின், அதாவது அக்காவின் கணவரின் அஸ்தியை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் சட்டியை ஏந்தியவன் நான். பெண்கள் வரும் வழக்கமில்லை. அக்கா வீட்டிலேயே இருந்தார். கரைத்து முடித்ததும் படகிலிருந்த பெரியவர், "திரும்பிப் பாக்காம வா" என்றார். நான் பார்க்கவில்லை. அதனால்தான் டைரியில் நேரம் இருக்கிறது, இடம் இல்லை.

அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி தெளிவா இருந்துச்சா?"

அந்தக் கேள்வியின் காரணம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் கோப்பெங்கில் ஈயம் தோண்டிய குட்டை ஒன்றில் மச்சான் விழுந்திருக்கிறார். கலங்கல் தண்ணீருக்குள் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் தவித்தாராம். தூக்கிவிட்டவர் கை கிடைக்கும்வரை கண்ணைத் திறந்தேதான் இருந்தாராம். ஆனால் எதுவும் தெரியவில்லையாம். அதற்குப் பிறகு மழை நாளில் தோட்டத்துச் சாக்கடையைத் தாண்டக்கூட அவர் தயங்குவார்.

லுமுட்டில் அன்று தண்ணீர் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. படகுக்காரர் அதற்குமேல் போக மறுத்துவிட்டார்.

"கண்ணாடி மாதிரிக்கா," என்றேன். "கீழ மீன் போறது தெரிஞ்சுது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "பக்கத்துல ஒரு பாறை. அதுல ஒத்த மரம்."

அக்கா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். அன்று அவர் சாப்பிட்ட நேரம் 7.20.

பிறகு அக்கா வேலை பார்த்த சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்றார்கள். அக்கா பால் மரம் சீவும் வேலையை விட்டுவிட்டு எங்களோடு குனோங் ராபாட்டுக்கு வந்து சேர்ந்தார். பின்புறம் சுண்ணாம்புக் குன்று நிற்கும் தொடர்வீடு அது. ஏழு வருடத்தில் அந்த ஒத்த மரத்தைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். "அந்த மரத்துல இப்ப காய் புடிச்சிருக்குமோ?" என்பார், அரிசி களைந்துகொண்டே. நான் செய்தித்தாளில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு பயணக் கடையின் கண்ணாடியில் சுவரொட்டி ஒன்று தொங்கியது. பங்கோர் தீவைச் சுற்றிப் படகுப் பயணம். கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்க்கலாம். மத்தியானம் மணலில் சாப்பாடு. அக்கா அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"இது லுமுட்லேந்துதானே போவுது?"

"ஆமாக்கா. ஆனா நீங்க..."

"கரைக்கிற படகுலதான் பொம்பள ஏறக் கூடாது. இது சுத்திப் பாக்குற படகுலா. டிக்கெட்டு வாங்குனா யாரும் ஏறலாம்."

அக்கா சுவரொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பாறைய மட்டும் காட்டு தம்பி. வேற ஒன்னும் கேக்க மாட்டேன்" என்றார். நான் மூன்று சீட்டு வாங்கினேன். அன்றிரவு டைரியில் எழுதினேன்: "அக்காவுக்குப் பாறையைக் காட்ட வேண்டும்." இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டும் என்று எழுதிவைத்தது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. 5.35க்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஆயர் தாவார் தாண்டும்போது மூடுபனி செம்பனை மரங்களின் இடுப்பளவு நின்றது. மரங்கள் வெள்ளைத் தண்ணீரில் இறங்கிக் குளிப்பது போலிருந்தது. என் மனைவி புளிச்சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அக்காவின் மடியில் வாழை இலைப் பொட்டலம். உள்ளே மல்லிகை. முந்தின நாள் சாயங்காலம் வாங்கி, ஈரத்துணி சுற்றிவைத்தது.

துறையில் எங்கள் வழிகாட்டி நின்றார். ஐம்பது வயது இருக்கும், மலாய்க்காரர். சித்தியவான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பல வருடம் லாரி ஓட்டியவராம். தமிழ் தாராளமாக வந்தது. அக்காவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அக்கா கைலிக்குமேல் மச்சானின் நீளக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார். மரம் சீவப் போகும் அதே உடுப்பு.

"அக்கா, இங்க பெரட்டு, ஆள் எண்ணுறது எல்லாம் இல்லலா. கங்காணி வர மாட்டான்."

"வந்தா உன்னத்தான் மொதல்ல எண்ணுவான். எங்கடா இவ்வளவு நேரம்னு," என்றார் அக்கா. படகில் இருந்த இரண்டு சீனக் குடும்பங்களுக்கும் வழிகாட்டி அதை மலாயில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

9.05க்குப் படகு கிளம்பியது. நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நிமிடம், ஆறாம் நிமிடம். இருபுறமும் அதே பழுப்புத் தண்ணீர். இங்கேதான் எங்கேயோ. அக்கா என் பக்கத்தில், முன்னால் பார்த்தபடி, பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தண்ணியப் பாத்தா குட்டத் தண்ணி மாதிரி இருக்கு," என்றார் மெதுவாக. "நல்லவேளை, நீங்க தள்ளிப் போனீங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் உண்மை தெரியும்.

போகப் போகத் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் பச்சை, பிறகு பெயர் சொல்ல முடியாத ஒரு நீலம். தீவின் மேற்கே சுற்றி வந்ததும் வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதியில் படகு மிதந்து திரும்பியது. திரும்பியதும் எதிரே ஒரு பாறை. அதன் உச்சியில் ஒரே ஒரு மரம், காற்றுக்குச் சாய்ந்து.

நான் சொன்ன பொய்யை யாரோ கேட்டு, கல்லும் மரமுமாகக் கொண்டுவந்து நட்டு வைத்தது போலிருந்தது.

அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "இதானே?"

"இப்படித்தான்... இருந்துச்சு."

வழிகாட்டி கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொடுத்தார். மற்றவர்கள் பட்டையைத் தலைக்குப் பின்னால் மாட்டத் தெரியாமல் தடுமாற, அக்கா ஒரே இழுப்பில் மாட்டிவிட்டார். இருபது வருடம் விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போன கை அது. கண்ணாடியைச் சரிசெய்து, துண்டை இறுக்கி, மிதவைச் சட்டையோடு ஏணியில் இறங்கினார். நானும் இறங்கினேன். மனைவி மேலேயே இருந்துகொண்டு, "அண்ணி, சுறா வந்தா அவர முன்னால தள்ளிவிடுங்க" என்றாள்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் உலகத்தின் சத்தம் அணைந்தது. கேட்டது என் மூச்சு ஒன்றுதான், யாரோ அறைக்கு வெளியே தூங்குவது போல. கீழே வெளிச்சம் வலை வலையாக மணலின்மேல் ஊர்ந்தது. மஞ்சள் மீன்கள் ஒரு கூட்டமாக நின்று, எதையோ நினைத்துக்கொண்டதுபோல் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. பவளப் பாறையின் மடிப்புகளில் என் நிழலும் அக்காவின் நிழலும் ஏறி இறங்கின. எவ்வளவு நேரம் அப்படி மிதந்தோம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டிருந்தேன். என் டைரியில் நேரமில்லாத பொழுது அது ஒன்றுதான்.

பக்கத்தில், மிதவைக்குக் கீழே அக்கா போட்டிருந்த மச்சானின் சட்டை காற்றடைத்ததுபோல் உப்பி, மெல்ல அசைந்தது. அதன் கைகள் நீண்டு நீண்டு சுருங்கின. ஒரு கணம் மச்சானே அங்கே குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். பயமாக இல்லை. அவரும் இதைப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மேலே வந்ததும் அக்கா குழாயைக் கழற்றினார். "நீ சொன்ன மாதிரியேதான்டா இருக்கு," என்றார். முகமெல்லாம் தண்ணீர். "பூவ இப்ப போட வேணாம். சாப்பிட்டுட்டு, அவருக்கும் ஒரு கை சோறு எடுத்துட்டு வந்து போடுவோம். இவர்ட்ட சொல்லி இன்னொரு வாட்டி நிறுத்தச் சொல்லு."

மத்தியானம் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். மணல் மிதித்தால் கிறீச்சிட்டது. மரநிழலில் புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும். அக்கா ஒரு சின்ன இலையில் ஒரு கை சோற்றைத் தனியாக எடுத்து, ஊதுவத்திபோல் நேராக ஒரு நெத்திலியைக் குத்திவைத்தார். மச்சான் எப்போதும் நெத்திலியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்.

அந்த நெத்திலியைப் பார்த்த பிறகு நான் என் இலையைத் தள்ளிவைத்தேன்.

"அக்கா," என்றேன். "அந்தப் பாற இல்ல."

"எந்தப் பாற?"

"பாறையே இல்லக்கா. நான்தான் சொல்லிட்டேன். காலைல வந்தோமே, அந்தக் கலங்கல்லதான் போட்டோம். படகுக்காரரு அதுக்கு மேல போவல."

மனைவி பாத்திரத்தை மூடிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் தண்ணீர்ப் பக்கம் போனாள். ஒரு நண்டு அக்காவின் காலருகே வந்து, நின்று, போனது.

"ஏழு வருசம்டா," என்றார். "ஏழு வருசமா அந்த மரத்துக்கு மனசுல தண்ணி ஊத்திட்டு வாரேன்."

"தெரியும்க்கா."

"காயெல்லாம் புடிச்சுப் பழமாயிருச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர், "கலங்கல்ல போட்டீங்களா," என்று தனக்குத்தானே சொன்னார். "அவருக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காதே." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி. எந்த இடம்?"

"பத்து நிமிசம் போனோம். அதான் தெரியும். திரும்பிப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"எல்லாம் எழுதுவ. இத எழுதல."

இலையை மடித்து, பொட்டலத்தோடு வைத்துக் கட்டினார். வழிகாட்டி மறுபடி பாறைப் பக்கம் போகலாமா என்று கேட்டபோது, "வேணாம்லா. வீட்டுக்குப் போற வழியில ஒரு எடத்துல நிறுத்துங்க. அந்தக் கண்ணாடிய மட்டும் திருப்பி வாங்கிடாதீங்க" என்றார்.

சாயங்காலம் திரும்பினோம். வெயில் தண்ணீரின்மேல் சாய்ந்து, எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். நான் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டேன். அன்றைய படகு மெதுவானது. துறையிலிருந்து அதற்குப் பத்து நிமிடம் என்றால் இதற்கு ஆறு.

"கணக்குப் போட்டே கண்டுபுடிச்சுருவியா?" என்றார் அக்கா.

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்ட போதும்."

5.12க்கு வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்தினார். என்ன ஏதென்று கேட்கவில்லை; மல்லிகையைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார். பக்கம் தாழ்ந்த மரப்படகு அது. அக்கா பூவை விட்டார். சோற்றை இலையோடு விட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அக்கா, இங்க ஒரு மீனும் தெரியாதுலா," என்றார் வழிகாட்டி.

"மீனுக்கு இல்ல."

அவர் சட்டையின் முதுகை வழிகாட்டி கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, அக்கா குனிந்து அந்தப் பழுப்புத் தண்ணீருக்குள் முகத்தை வைத்தார். ஒரு சீனத்துக் குழந்தை எட்டிப் பார்த்தது. அலை படகை மெல்லத் தூக்கி இறக்கியது. அவர் நிமிர்ந்தபோது துண்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"இருட்டா இல்லடா," என்றார். "பச்சையா இருக்கு. விடிகாலத்துல மரத்தடியில விளக்க அணைப்போம்ல, அப்ப ஒரு வெளிச்சம் இருக்கும். அது."

"அப்படியா."

"அவருக்குப் பழக்கமான வெளிச்சந்தான். அதுல பால் மரத்துக் கோட்ட அழகாச் சீவுவாரு." கண்ணாடியைத் துடைத்து வழிகாட்டியிடம் கொடுத்தார். "போலாம்."

படகு நகர்ந்தது. நான் முன்னால் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். ஏழு வருடத்துக்கு முன் பெரியவர் சொன்ன சொல் இன்னும் கழுத்தைத் திரும்பவிடவில்லை. அக்கா பலகையில் காலைத் தூக்கிப் போட்டு, முழுதாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அக்கா, திரும்பிப் பாக்கக் கூடாதும்பாங்க."

"உங்களத்தான்டா சொன்னாங்க. நான் அன்னிக்கு வரவே இல்லையே." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டைரிய எடு" என்றார்.

எடுத்தேன்.

"எழுது. எனக்கு வலது கைப் பக்கம் ரெண்டு குன்னு, ஒன்னு சின்னது. சின்னதுல தகரக் கூர ஒன்னு மின்னுது. இடது பக்கம் மீன் புடிக்கிற கம்பு நட்டிருக்காங்க, பத்துப் பதினஞ்சு இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல. பூவு இன்னும் தெரியுது."

நான் திரும்பாமலே எழுதினேன். அவர் பின்னோக்கி அமர்ந்திருந்ததால் அவருடைய வலது எனக்கு இடது என்பதையும் அடைப்புக்குறிக்குள் குறித்தேன்.

"பூவு தெரியுதுன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"இப்ப தெரியல," என்றார். "அதையும் எழுதிக்க. மணி போடு."

5.16.