சென்னியம்மாளுக்கு மில்லில் காது கேட்கும்

மூன்றாவது பிள்ளை பிறந்த கையோடு சென்னியம்மாளுக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், புருஷன் நாச்சிமுத்துவின் தோட்டத்து வீட்டில், 1935 வாக்கில் நடந்தது இது. மாமியார் காளியாத்தாளின் முணுமுணுப்பு கேட்காமல் போனபோது அவள் கவலைப்படவில்லை. அது ஒருவகையில் ஓய்வு. தொட்டிலில் குழந்தை சிணுங்குவது கேட்காமல் போனபோதுதான் பயந்தாள்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சின்ன வெங்காயச் சாறு, காய்ச்சிய நல்லெண்ணெய், வெள்ளாட்டு மூத்திரம். காது என்ன வதக்குகிற சட்டியா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காது ஓரமெல்லாம் புண்ணானதுதான் மிச்சம்.

இந்த நிலையில் மாமியாரும் மருமகளும் நெல் அரைக்க மில்லுக்குப் போனார்கள். எண்ணெய் எஞ்சின் போடுகிற சத்தத்தில் சுவரே அதிர்ந்தது. மில்காரர் மணியன் அந்தக் கோடியிலிருந்து, "அடுத்த மூட்டை யாருளுது?" என்று கத்தினார். காளியாத்தாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சென்னியம்மாள் சட்டென்று, "எங்களுதுங்க!" என்றாள்.

அன்றைக்கு மாலை மகனைப் பிடித்துக்கொண்டாள் காளியாத்தாள். "ஊட்டுல இடி உழுந்தாலும் கேக்காது, மில்லுல மட்டும் கேக்குதா? நடிக்கறாடா உன்ற பொண்டாட்டி! செவிடுன்னாக்கூட வெச்சுக்கலாம். இவ கள்ளச் செவிடு!"

காளியாத்தாளின் தம்பி சின்னண்ணனின் மகள் பொன்னாத்தாள் தயாராக இருந்தாள். சென்னியம்மாளைப் பரமத்தி வேலூரில் அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆவணியில் பொன்னாத்தாளைக் கட்டிவைப்பது என்று பேச்சு. பிள்ளைகள் மூன்றும் இங்கேயே இருக்கும். நாச்சிமுத்து சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேட்டி எடுக்கப் போனால்கூட அம்மாவைக் கேட்டுக் கரை பார்க்கிறவன்.

பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லாத சென்னியம்மாள், தன் காதுக்கு என்னதான் ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நினைத்தாள். காதுப் புண்ணுக்கு மருந்து வாங்குகிற சாக்கில் ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நர்ஸ் சௌந்திரம், இரண்டு காலுள்ள இரும்புக் கவை ஒன்றை முழங்காலில் தட்டிக் காதுக்கு நேரே பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதன் அடிக்கட்டையைக் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் வைத்து அழுத்தினாள். சென்னியம்மாள் துள்ளினாள்.

"நர்சம்மா, மண்டைக்குள்ள வண்டு பாடுதுங்க!"

சௌந்திரம் அவள் காதருகே உரக்கச் சொன்னாள்: "காதுக்குள்ள ஒரு சவ்வு. அதுக்குப் பின்னால பொடி எலும்பு மூணு. சத்தம் பட்டாச் சவ்வு அதிரும், எலும்பு மூணும் அந்த அதிர்வ உள்ளே நத்தைக்கூட்டு மாதிரி ஒண்ணுக்குத் தள்ளும். நரம்பு அங்கிருந்து மூளைக்குக் கொண்டுபோகும். உனக்கு நத்தைக்கூடு நல்லாருக்கு, கடைசி எலும்பு இறுகிப் போச்சு. மண்டையெலும்பு வழியாப் போனாக் கேக்குது பாரு."

"மில்லுல எப்புடிங்க கேக்குது?"

"அங்க எல்லாரும் தொண்டை கிழியக் கத்தறாங்க. எஞ்சின் சத்தம் மத்தவங்க காத அடைக்குது, உனக்குக் கொஞ்சந்தான் உள்ள போகுது. மத்ததுக்கு நீ வாயப் பாத்துப் பழகியிருக்க."

"சரியாயிருமுங்களா?"

"ஆகாது. எண்ணெய் ஊத்தறத நிறுத்து."

சென்னியம்மாளை அனுப்புவதா வேண்டாமா என்று பேசப் பஞ்சாயத்துக்கு நாள் குறித்தார்கள். தீர்ப்புச் சொல்லும் ஊர் மணியகாரர் சண்முகவேலிடம் சென்னியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பேச்சு மில்லுல நடக்கோணுமுங்க. எஞ்சின் ஓடோணும். கேக்காத எடத்துல வெச்சுத் தீர்ப்புச் சொன்னா, அது எனக்கா, செவுத்துக்கா?"

மணியகாரருக்கும் அன்றைக்கு நெல் அரைக்கிற வேலை இருந்தது. சம்மதித்தார்.

மில்லுக்குள் பெரிய மனிதர்கள் காதுக்குக் கை கொடுத்துக்கொண்டு "ஆ? ஆ?" என்று நின்றார்கள். மணியகாரர் கேட்டது காளியாத்தாளை எட்டவில்லை. காளியாத்தாள் சொன்னது பக்கத்திலிருந்த மகனையே எட்டவில்லை. சென்னியம்மாள் மட்டும் நிதானமாக ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவிட்டுக் குவியலோரம் சின்னண்ணன் அக்காளின் காதில் வாயை வைத்துக் கத்தினான்.

"புள்ளைங்களையும் அவகூடவே தாட்டி உட்டுரு அக்கா! என்ற பொண்ணு மூணு புள்ளைக்குக் கஞ்சி ஊத்த மாட்டா!"

சென்னியம்மாள் புருஷனிடம் திரும்பிக் கத்தினாள். "ஏனுங்க, உங்க மாமன் புள்ளைங்களையும் தாட்டி உடச் சொல்றாருங்க! பொன்னாத்தா கஞ்சி ஊத்த மாட்டாளாமுங்க!"

மணியகாரருக்கும் அது கேட்டது. கையைக் காட்டினார். மில்காரர் எஞ்சினை நிறுத்தினார். சத்தம் அடங்கிய மில்லுக்குள் சின்னண்ணனின் குரல் மட்டும் தனியாக ஒலித்தது.

"அது எப்புடி உனக்குக் கேட்டுது?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. காளியாத்தாள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். மருமகளைப் பிடிக்காதே தவிர, பேரப்பிள்ளைகள் அவளுக்கு உயிர். "என்ற பேரனுகளுக்குக் கஞ்சி ஊத்தாதவ என்ற ஊட்டுக்கு எதுக்குடா?" என்றாள்.

மணியகாரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனிதருக்குரிய தணிந்த குரலில் வெகுநேரம் தீர்ப்புச் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. சென்னியம்மாளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. மணியகாரரின் மீசை வேறு வாயை மறைத்தது. பயத்தோடு புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க சொன்னாரு?"

நாச்சிமுத்து அம்மாவைப் பார்த்தான். பிறகு, கேட்டுச் சொல்ல எதுவுமில்லை என்று முடிவு செய்தவன்போல, மூச்சை இழுத்துப் பிடித்து, பிறந்ததிலிருந்து கத்தாத கத்தாகக் கத்தினான்.

"புள்ளைங்க பசியோட இருக்கும்! ஊட்டுக்குப் போலாம் வா!"

வெளியே வண்டியில் பூட்டியிருந்த மாடு மிரண்டு நாலடி நகர்ந்தது. சென்னியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அரிசி மூட்டையைக் காட்டினாள்.

"வாரனுங்க. அதெ யாரு தூக்கறது?"