மூன்று பங்காக வந்த நஷ்டஈடு

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கொத்து வேலை முடித்துவிட்டு சேலம் சாலையில் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த என் கணவர் மீது லாரி மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. மகள் அப்போது கைக்குழந்தை. கச்சிராயபாளையம் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. சொந்தமாக விவசாய நிலம் கிடையாது. ஒழுகும் ஓட்டு வீட்டில் நானும் குழந்தையும் மாமியாரும்தான் மிஞ்சினோம்.

மாமியாருக்கும் எனக்கும் அதுவரை ஆகவே ஆகாது. குழம்பில் உப்பு என்று ஆரம்பிக்கும் பேச்சு, என் அம்மா வீட்டுச் சீர்வரை போய்த்தான் நிற்கும். காரியம் முடிந்த மறுநாள் என் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வந்தான். நானும் துணிகளை மூட்டை கட்டிவிட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து வந்து, மூட்டையைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

“அவந்தான் பூட்டான். நீயும் பூட்டா நான் யாருக்கு சோறாக்கறது?”

நான் போகவில்லை.

அவர் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போனார். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நஷ்டஈடு கேட்டு வழக்கும் போட்டிருந்தோம். வாய்தா அன்று இரண்டு பேருக்கும் கூலி கிடையாது. காலையிலேயே டவுன் பஸ் பிடித்துப் போய், கோர்ட்டு மரத்தடியில் குழந்தையை மாற்றி மாற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோறு. கடைசி வாயை யார் தின்பது என்று தகராறு வரும். நீ தின்னுடி என்பார், நீங்க தின்னுங்கத்தே என்பேன்.

ஒருநாள் மாமியாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், “உங்க பையனுக்கு என்ன வயசும்மா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் யாருக்கு சாமி தெரியும்? அவன் பொறந்த அன்னிக்கு கோமுகி டேம்ல தண்ணி தொறந்து வுட்டாங்க. எங்கூட்டுக்காரரு அதப் பாக்கப் பூட்டாரு. என்னப் பாக்க வரவே இல்ல. அத எழுதிக்குங்க.”

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் ஐயா குனிந்து எதையோ எழுதுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். கண்டக்டர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் கணவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பணம் வந்தால் என்ன செய்வது என்று அந்த பஸ்ஸில்தான் பேசிக்கொள்வோம். தளம் போட்டு ஒரு வீடு. எனக்கு நின்று சமைக்க ஒரு மேடை. அவருக்கு, மழைக்கு ஒழுகாத ஒரு மூலை. அவ்வளவுதான் எங்கள் ஆசை.

கொரோனா காலமெல்லாம் தாண்டி, ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. பணத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். குழந்தையின் பங்கு, அவள் பெரியவளாகும்வரை பேங்கில் இருக்கும். மனைவி என்று எனக்கொரு பங்கு, தாய் என்று மாமியாருக்கொரு பங்கு.

அந்த வாரமே நாத்தனார்கள் இருவரும் வந்து இறங்கினார்கள். கையில் ஆப்பிள், ஆரஞ்சு, சத்துமாவு டப்பா. இத்தனை வாய்தாவில் ஒன்றுக்குக்கூட எட்டிப் பார்க்காதவர்கள். தம்பியை நினைத்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் பெரியவள் ஆரம்பித்தாள்.

“யம்மா, உன் காசையும் வாங்கிப் போட்டு இவ பேருல வூடு கட்டிப்பா. வயசுப் பொண்ணு. நாளைக்கு இன்னொருத்தனக் கட்டிக்கினா நீ எங்க போவே?”

எனக்கு அவள்மீது கோபம்கூட வரவில்லை. மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அவ அப்படிப்பட்டவ இல்லடி’ என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“இன்னாத்தே, நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?”

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கும் வயசாவுது இல்ல?”

எனக்கு எங்கிருந்து அந்தச் சொல் வந்ததோ தெரியாது. “உங்க புள்ள செத்த காசு. எடுத்துக்கினு போய் நல்லா இருங்க,” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “உனக்கு மட்டும் இன்னா? புருசன் செத்த காசு. நீயும் நல்லா இரு.”

அன்று சாயங்காலமே மாமியார் தன் பெரிய மகளோடு சின்னசேலம் பக்கம் போய்விட்டார். குழந்தை பின்னாலேயே ஓடி, பஸ் கிளம்பும்வரை அழுதது. பாட்டி எங்கே என்று பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டது.

என் பங்குப் பணத்துக்கு ஒரு அறையும் சமையல்கட்டும்தான் முடிந்தது. இருந்தாலும் தளம் போட்ட வீடு. மேடையும் வைத்துவிட்டேன். பால் காய்ச்சும் நாளுக்கு ஆள் விட்டுச் சொன்னேன். அவர் வரவில்லை. முதல் மழை பெய்த அன்று, எங்கே பாத்திரம் வைப்பது என்று பழக்கத்தில் எழுந்துவிட்டேன். ஒரு இடத்திலும் ஒழுகவில்லை. பேச ஆளில்லாமல் அந்த மேடை மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாமியாரின் பணம் பெரிய மருமகன் வாங்கிய டிராக்டரில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தவணை கட்ட முடியாமல் அந்த டிராக்டரும் போய்விட்டதாம். பணம் தீர்ந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கு மரியாதையும் தீர்ந்துவிட்டது. மறுபடி களை எடுக்கப் போகிறார் என்றார்கள். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது.

போன வருடம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவரை நேரில் பார்த்தேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு தூண் ஓரமாகக் குந்தியிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என் மகள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “யாரும்மா இது?” என்றாள்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது. “சின்னப் புள்ளதானே, எப்படி ஞாபகம் இருக்கும்,” என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவள் கன்னத்தைத் தொடக் கை நீட்டினார். மகள் விலகிக்கொண்டாள்.

“வாங்கத்தே, நம்ம வூட்டுக்குப் போலாம்,” என்றேன். மனசாரத்தான் கூப்பிட்டேன்.

“காசு இருந்தப்ப வராம, எல்லாத்தையும் தொலைச்சிட்டு இப்ப வந்தா ஊரு இன்னா பேசும்? ஊர வுடு. என்னிக்காவது ஒரு கோவத்துல நீயே சொல்லிடுவே.”

‘சொல்ல மாட்டேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘புள்ள செத்த காசு’ என்று அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது.  சின்னசேலம் பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறிப் போய்விட்டார். தீபாவளிக்கு ஒரு சேலை கொடுத்தனுப்பினேன். பிரிக்காமலேயே திரும்பி வந்தது.

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். விபத்தில் கணவன் போய்ச் சில வாரங்கள்தான் ஆகின்றன. நஷ்டஈட்டு வழக்குக்கு வக்கீல் யாரைப் பார்ப்பது என்று கேட்டாள். கூடவே அவள் மாமியார், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வக்கீல் வீட்டுக்கு வழி சொன்னேன். கேஸ் ஜெயித்துவிடும், பயப்படாதீங்க என்றேன். என் வீட்டுத் தளத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “உன்ன மாதிரி எங்களுக்கும் ஒரு வழி பொறந்தா போதும்மா,” என்று அந்த மாமியார் கும்பிட்டார். அந்தக் கையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். அரிசிக்கே வழியில்லாமல் வந்து நிற்பவர்களிடம் அதை எப்படிச் சொல்வது?

கணவரை இழந்ததற்கு எனக்கு ஒரு நஷ்டஈடு கிடைத்தது. மாமியாரை இழந்ததற்கு யார்மேல் வழக்குப் போடுவது என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.