துரையின் வாளுக்கு நான் எழுதிய மதிப்பீடு

தொலைபேசியில் நானும் துரையும் சிங்களத்தில்தான் பேசினோம். அவர் என்னை ‘மிஸ்’ என்றார், நான் அவரை ‘சேர்’ என்றேன்.

இரத்தினபுரியில் ஒரு மதிப்பீட்டு நிலையத்தில் பழைய வெள்ளிச் சாமான்களைப் பார்ப்பது என் வேலை. வெள்ளைக்காரர் காலத்து வெள்ளியில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்து ஊரையும் ஆண்டையும் சொல்லக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் இல்லை. அப்படித்தான் ருவான்வெல்லைக்கு அப்பால் ஒரு றப்பர் தோட்டத்தில் நிர்வாகியாக இருந்து ஓய்வுபெற்ற சிங்களத் துரை ஒருவர் என்னைக் கூப்பிட்டார். தன்னிடம் ஒரு இராணுவ அதிகாரிக்குப் பரிசாகக் கொடுத்த வாள் இருக்கிறது, கொழும்பில் ஒரு சேகரிப்பாளர் கேட்கிறார், அதற்கு மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும் என்றார்.

பங்களா வாசலில் அவர் முதலில் கேட்டது என் அடையாள அட்டையை. விலையுயர்ந்த சாமான் இருக்கிற வீடு, கேட்பது நியாயம்தான் என்று கொடுத்தேன். பெயரைப் படித்தார். பிறந்த இடத்தைப் படித்தார். பிறகு சிங்களத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

“நீ எந்தத் தோட்டம்?”

கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அதைச் சொன்னேன், ஆனால் சிங்களத்திலேயே சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பித் தராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சமையல்காரர் தேநீர்த் தட்டோடு வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், கீழே தொழிலாளர் லயத்தில் குடியிருக்கிற தமிழர்.

“டீ வேணாம், கொண்டு போ. அவ வேலைக்கு வந்திருக்கா,” என்றார் துரை.

வாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார்கள். கையுறையைப் போட்டுக்கொண்டு உறையிலிருந்து உருவினேன். எரிச்சலையும் மீறி என் கை நிதானமாகிவிட்டது. அலகின் பாதி நீளத்துக்கு நீலம் ஏற்றி, அதன் மேல் பொன்னில் கொடியும் பூவும் தீட்டியிருந்தார்கள். இவ்வளவு காலம் ஈரக்காற்றில் கிடந்தும் அந்த நீலம் மங்கவில்லை. பிடியின் முனையில் சிங்கத்தலை, பிடியைச் சுற்றிச் சுறாத்தோல், உறையில் வெள்ளிப் பூண். அப்படி ஒன்றை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன்.

உறைவாயில் இருந்த வெள்ளித் தகட்டில் மட்டும் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

“இது யார் பூசினது சேர்?” என்று சிங்களத்திலேயே கேட்டேன்.

“பழைய சாமான் அப்பிடித்தான் இருக்கும்.”

“இது மெழுகு. புதுசு.”

“அதத் தொடாத.”

எழுத்தைப் படிக்காமல் கடிதம் தர முடியாது என்று சொல்லிவிட்டு, மெழுகு கரைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். ஆங்கில எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அந்த மாவட்டத்து வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சேர்ந்து, தங்களுடைய தொண்டர் படைக் கப்டன் ஒருவருக்குக் கொடுத்த வாள் அது. எதற்காக என்றும் வெட்டியிருந்தது. நான் படம் எடுத்துக்கொண்டேன்.

சமையல்காரர் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். “என்னங்க எழுதியிருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். எத்தனையோ வருடமாக அதைத் துடைத்து வைத்தவர் அவர்தான்.

“கூலிகளோட கலகத்தை உறுதியா நின்னு அடக்கினதுக்காகக் கொடுத்ததாம்,” என்றேன், தமிழில், துரைக்கும் கேட்கும்படி.

துரையின் முகம் சிவந்தது. “அவனுக்கு எதுக்கு அது? வெளிநாட்டுல நடந்த சண்டைக்குக் குடுத்த வாள்னு எழுது. வாங்குறவர்கிட்ட அப்பிடித்தான் சொல்லியிருக்கேன்.”

“இருக்கிறதைத்தான் எழுதுவேன்,” என்றேன், மறுபடியும் சிங்களத்தில்.

“அப்ப கார்டு இங்கயே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிட்டுப் போ.”

நான் கருவிகளைப் பைக்குள் போட்டேன். நேராகப் பொலிசுக்குப் போய் அட்டையைப் பறித்து வைத்திருக்கிறார் என்று சொல்லப் போகிறேன் என்றேன். அவர் அட்டையை எடுத்து விறாந்தையில் வீசினார். நான் குனியவில்லை. குனியக் கூடாது என்று நின்றேன். சமையல்காரர் வந்து அதைப் பொறுக்கி, உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். துரை அவரைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். பார்த்தும், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இறங்கிவிட்டேன்.

வாசகம் முழுவதையும் சேர்த்து எழுதிய கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தச் சேகரிப்பாளர் பேசினார். எங்கள் நிலையத்தின் பெயரைத் துரையே முன்பு அவரிடம் சொல்லியிருக்கிறார். வேறொருவர் எழுதிய கடிதத்தோடு வாள் வந்திருக்கிறது, உறைவாய்த் தகடு மட்டும் வழுவழுவென்று இருக்கிறது, முன்பு அதில் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். எங்கள் நிலைய முதலாளியிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த நிமிடமே படத்தை அனுப்பினேன். எழுத்து இருந்திருந்தால் அதுவே அபூர்வம், சுரண்டியது தனக்கு வேண்டாம் என்று அவர் வாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நிலையத்தில் எல்லோரிடமும் சொன்னேன். துரை தொலைபேசியில் வந்து, நான் பிறந்த லயத்தையும் என் தாயையும் சேர்த்துத் திட்டினார். முழுவதையும் கேட்டேன். “சுரண்டினது நீங்கதானே,” என்று அன்றுதான் முதல்முறையாக அவரிடம் தமிழில் பேசிவிட்டு வைத்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு வேறொரு வேலையாக ருவான்வெல்லைக்குப் போயிருந்தேன். கடைத்தெருவில் ஒரு லொறியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார் அந்தச் சமையல்காரர். அருகில் போய் நின்றேன். அடையாளம் தெரிந்தும் அவர் சிரிக்கவில்லை.

“பங்களாவுல இல்லையா?”

“அங்க எப்பிடிங்க இருக்கிறது? எங்கையிலதான் உப்புத்தாளக் குடுத்து அந்த எழுத்தச் சுரண்டச் சொன்னாரு. சுரண்டினேன். பொறகு வாளு திரும்பி வந்திச்சி. நீதான்டா கெடுத்தேன்னு வெரட்டிட்டாரு.”

எங்கள் நிலையத்தில் கேட்டுப் பார்க்கிறேன், ஏதாவது வேலை இருக்கும் என்றேன். அப்படி ஒரு வேலை அங்கே இல்லை என்பது எனக்கே தெரியும்.

“வேணாங்க,” என்றார். “நீங்க படம் புடிச்சிட்டுப் போயிட்டீங்க. போனவங்க பேசாம இருந்திருக்கலாம். அவருகிட்ட ஒங்களுக்கு இருந்த கோவத்துக்கு நாந்தானா கெடச்சேன்?”

“நீங்க சுரண்டினீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க.”

“கேட்டீங்களா?”

முதுகில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு அவர் அடுத்த மூட்டைக்குத் திரும்பினார். நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன். “தள்ளுங்க,” என்றார்.